அவிக்கப் போன மூட்டைக்குள் உங்கள் குரல்

சம்பந்தி,

இன்று காலையில் மில்லிலிருந்து புது அரிசி வந்து இறங்கியது. சுமதிதான் மூட்டையின் வாயைப் பிரித்தாள். புழுங்கல் வாசனை கூடம் முழுக்க ஏறியது. ஒரு காலத்தில் அந்த வாசனைக்கே எனக்குப் பசி எடுக்கும். போன வருஷத்திலிருந்து அது மூக்கில் பட்டால் முந்தானை தானாக மூக்குக்குப் போகிறது. நான் மூட்டை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, இப்பவும் உள்ளே எதையாவது தேடுறீங்களா?" என்றாள். எனக்கு மருமகள்தான். ஆனால் உங்கள் மகள் இல்லையா? வாய் அப்படியே வந்திருக்கிறது.

உங்களுக்கு வருஷத் திதி முடிந்துவிட்டது. உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போன ஒன்றை எழுதிவிடலாம் என்று அபியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுதும்போது வாயும் கூடவே முணுமுணுக்கும், இல்லாவிட்டால் பேனா நகராது. நீங்கள் பத்து வரை படித்தவர், பேப்பர் படிக்காமல் காப்பி குடிக்காதவர். பிழை இருந்தால் சுழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நீங்கள் இருந்தபோதும் எரிந்தது, போன பிறகும் எரிகிறது. எல்லாம் அந்த ஒரு பேத்தியால்தான்.

அபிக்கு எட்டு வயசிருக்கும்போது என் டார்ச் லைட்டைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தாள். நான் அவள் கையில் ஓர் அடி வைத்தேன். அந்த லீவுக்கு வலங்கைமானுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பாடாத ரேடியோ ஒன்றையும் ஒரு திருப்புளியையும் கொடுத்து, "இதைக் கழட்டிக்கிட்டு சும்மா கிட" என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது. மத்தியானம் தூங்க வேண்டும், பிள்ளை தொந்தரவு செய்யக் கூடாது, அதற்காகக் கொடுத்தது. ஆனால் அவள் படித்து முடித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்த அன்று வந்தவன் போனவனெல்லாம் என்ன சொன்னான்? "வலங்கைமான் அம்மாச்சி கொடுத்த ரேடியோவுல ஆரம்பிச்சது." பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த கையை யாரும் சொல்லவில்லை. ரேடியோவைச் சொன்னார்கள். அதுவும் பாடாத ரேடியோ.

ஞாபகம் இருக்கிறதா, ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "அபிக்கு எங்க வீட்டு வத்தக்குழம்புன்னா உசிரு" என்றீர்கள்.

"அப்படியா சம்பந்தி? இங்க அதைத் தொடவே மாட்டாளே" என்றேன்.

"வைக்கிற மாதிரி வச்சா தொடுவா" என்று சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினீர்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அபியின் வேலையைப் பற்றி நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மன்னார்குடி பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "எங்க பேத்தி செத்துப்போன ஃபோனுக்குள்ள இருக்கறதையெல்லாம் வெளியே எடுக்குறா" என்பேன். "பிரேதப் பரிசோதனையா?" என்று ஒருத்தி கேட்டாள். "அதெல்லாம் இல்லடி. உடைஞ்ச கார்டு, நனைஞ்ச ஃபோன், யாராலயும் முடியாதுன்னு கைவிட்டது எல்லாம் இவகிட்டத்தான் வரும்" என்றேன். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு அப்போது பாதிகூடப் புரியாது. பெருமைக்குப் புரிய வேண்டுமா என்ன?

அப்புறம் நீங்கள் போனீர்கள். காரியமெல்லாம் முடிந்து அபி சென்னைக்குத் திரும்பினாள். உங்கள் பீரோவை ஒழித்தபோது சுமதிக்கு உங்களுடைய பட்டன் ஃபோன் கிடைத்தது. திரை போயிருந்தது. உள்ளே ஒரு மெமரி கார்டு, சுண்டுவிரல் நகத்தளவு. அபிக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் அழுகைச் சத்தம். எனக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. நீங்கள் தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அந்த ஃபோனில் அபிக்காகப் பேசிப் பதிந்து வைப்பீர்களாம். லீவுக்கு வரும்போது அவள் அந்தப் பேச்சையெல்லாம் தன் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டு போவாளாம். கடைசியாகப் பேசியவை அந்தக் கார்டில் மட்டும்தான். இத்தனை வருஷமாக நடந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நீங்களும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

"யாரும் போட்டுப் பார்க்காதீங்க. அம்மாச்சி எனக்காகப் பேசினது, நான்தான் முதல்ல கேட்பேன். அப்பாயிகிட்ட கொடுத்து வைங்க, அதுகிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்றாள்.

அதுகிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்! இருந்திருக்கும்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மோதிரமோ பீரோ சாவியோ, எதுவானாலும் துணியில் முடிந்து நெல்லுக்குள் புதைப்போம். கார்டையும் மஞ்சள் துணியில் முடிந்தேன். விதை மூட்டைக்குள் வைத்திருக்கலாம், அது எங்கும் போகாது. சாப்பாட்டு நெல் மூட்டைக்குள் வைத்தேன். அப்போது மனசில் எதுவும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கைக்கு எட்டியது அதுதான்.

ஒரு மாதம் அபி தினமும் ஃபோன் செய்தாள். "அப்பாயி, கார்டு பத்திரமா?" இதுதான் முதல் கேள்வி. முட்டி வீங்கி நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த நாட்கள் அவை. அதைக் கேட்கவில்லை. "பத்திரம்டி, பத்திரம்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உயிரோடிருக்கும் என்னைவிட நெல்லுக்குள் கிடக்கும் நீங்கள் பெரிசாகப் போய்விட்டீர்கள்.

மில்லுக்குப் போக குட்டி யானை வண்டி வந்து வாசலில் நின்றது. அவித்து, காயவைத்து, அரைத்து அரிசியாகத் திரும்பி வரும், வருஷா வருஷம் நடப்பதுதான். மகன் மூட்டைகளைத் தூக்கிப் போட்டான். மூன்றாவது மூட்டை அவன் முதுகில் ஏறியபோது எனக்கு ஞாபகம் வந்தது. நன்றாக வந்தது. "இருடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் துடைத்துக்கொண்டே நின்றேன்.

இதுதான் சம்பந்தி, நான் சொல்ல வந்தது. மறந்து போகவில்லை. அனுப்பி வைத்தேன்.

வெந்நீர்த் தொட்டியில் ஊறி, ஆவியில் வெந்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது நெல்லைக் காலால் கிளறிய ஒரு பெண் மஞ்சள் முடிச்சைப் பார்த்திருக்கிறாள். நல்லவள், வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். பிரித்தால் துணி விறைத்திருந்தது. கார்டு ஒரு மூலையில் உப்பி, பொன்னிறப் பல்லெல்லாம் கறுத்திருந்தது. சுமதி அதைத் தன் ஃபோனில் போட்டுப் பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா குரலு அத்தை" என்றாள்.

அவளை நான் நினைக்கவே இல்லை. அபிக்கும் எனக்கும் உங்களுக்கும் நடுவில் அவள் ஒருத்தி இருப்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அபி வந்தாள். கார்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "மூட்டை போறப்ப உனக்கு ஞாபகமே வரலையா அப்பாயி?" என்று மட்டும் கேட்டாள்.

"வயசாச்சுல்ல, மறந்துட்டேன்" என்றேன்.

"எந்த மாடு எந்த வருஷம் கன்னு போட்டுச்சுன்னு சொல்றவங்க அத்தை" என்றாள் சுமதி, யாரையும் பார்க்காமல்.

அபி அதைச் சென்னைக்குக் கொண்டுபோனாள். முதுகுப்பக்கத்துக் கறுப்பு மேல்பூச்சைச் சுரண்டி, பூதக்கண்ணாடிக்கு அடியில் முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டி, உள்ளே இருந்ததை அப்படியே உருவி கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாளாம். பதினோரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கம்ப்யூட்டரோடு இங்கே வந்தாள். சாப்பாட்டு மேஜை அவளுடையதாகிவிட்டது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"உருவிட்டேல்ல, அப்ப கேட்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கேட்க முடியாது அப்பாயி. கார்டுக்குள்ள ரெண்டு இருக்கு. எழுதி வைக்கிற சில்லு ஒண்ணு, அதை நடத்துற மூளை ஒண்ணு. மூளை வெந்து செத்துருச்சு. சில்லு மட்டும் உசிரோட இருக்கு."

"அப்ப அதைப் படி."

"அந்த மூளை எதையும் சொன்னபடி எழுதாது. ஒரே மாதிரி எழுத்து பக்கத்துல பக்கத்துல விழுந்தா சில்லு தடுமாறும்னு, தானா ஒரு வரிசையைக் கலந்துதான் எழுதும். கலந்ததையும் துண்டு துண்டா வேற வேற இடத்துல போட்டு வைக்கும். என்ன கலந்துச்சு, எங்க போட்டுச்சுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப அது இல்ல. நான்தான் கண்டுபிடிக்கணும்."

பதினோரு நாள், சம்பந்தி. காப்பி ஆறிப் போகும், தலை வாரமாட்டாள், கூப்பிட்டால் "ம்" என்பாள். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள்தான் லீவு கிடைத்தது அவளுக்கு. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே அவளைப் பார்ப்பேன். உங்களுக்காக அந்தப் பிள்ளையின் கண் சிவந்து கிடந்தது. கார்டு பேசாமலே போய்விடட்டும் என்று நினைத்தேன். அதே நேரத்தில், என் பேத்தி தோற்றுவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள்தான் கிடந்தன.

ஆறாம் நாள். திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள், தூற்றிய பதர் மாதிரி. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் என் கண் நின்றது. வயல் பார்த்த கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது தடவையும் வாயைத் துடைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டதே! அந்தப் பெருமையை அடக்க முடியவில்லை. நல்ல மனசால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

"அபி, அங்க மட்டும் மெஷின் நடவு மாதிரி இருக்கேடி."

"எங்க?"

"மேல எல்லாம் கைத்தெளி மாதிரி கண்டபடி கிடக்கு. இங்க பாரு, வரிசை. அதோ, அதே வரிசை கீழேயும் வருது. அதுக்குக் கீழேயும்."

அவள் திரைக்குக் கிட்டே போனாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அப்பாயி! இதைத்தான் ஆறு நாளா வேற பக்கத்துல தேடிக்கிட்டிருந்தேன். அங்கெல்லாம் சூட்டுல உதிர்ந்து வரிசை தெரியாமக் கிடக்கு. இது எதுவுமே பதியாத வெத்து இடம். அம்மாச்சி இங்க இல்ல. அதனால மூளை கலந்த வரிசை மட்டும் தனியா நிக்குது."

"அதனால?"

"இந்த வரிசையை எல்லா இடத்துலேர்ந்தும் பிரிச்சு எடுத்துட்டா, மிச்சம் நிக்கிறது அம்மாச்சி."

என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பூண்டு வாசனையோடு வாங்கிக்கொண்டேன். உங்களுக்காகக் கிடைத்த முத்தம்தான். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு துண்டுகளை வரிசைப்படி ஒட்ட நான்கு நாள். பத்தாம் நாள் சாயங்காலம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நீங்கள் பேசினீர்கள். "தங்கம், இன்னைக்கு வெண்டைக்காய் வாங்கினேன், பாதி முத்தல். அந்தக் கடைக்காரன் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." சுமதி கரண்டியோடு ஓடி வந்தாள். ஒரு முத்தல் வெண்டைக்காய்க்கு இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் கரண்டியிலிருந்து சொட்டிய சாம்பாரைத் துடைத்தேன்.

பாதிதான் வந்தது. மீதி சூட்டில் உதிர்ந்துவிட்டது, இனி வராது என்றாள். வந்த பாதியில் என்னைப் போலவும் பேசியிருந்தீர்கள். "எங்க வீட்டு அரிசி உதிரி உதிரியா நிக்கும் சம்பந்தி!" என்று அதே இழுப்பு. அபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்னைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். "நல்லாத்தான் பேசுறாங்க" என்றேன். உங்களுக்கு இழுப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. நான் அவ்வளவு இழுக்கமாட்டேன்.

பதினோராம் நாள் காலையில் ஒரு சின்னத் துண்டு வந்தது. நீங்கள் அபியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் தூரத்திலிருந்து ஒரு குரல்.

"யாருகிட்ட சம்பந்தி தனியா பேசுறீங்க? காப்பி ஆறுது!"

என் குரல். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, ரேடியோ திருப்புறேன்" என்கிறீர்கள் சத்தமாக. பிறகு வாயை ஃபோனுக்குக் கிட்டே வைத்து, மெதுவாக: "உங்க அப்பாயி வந்திருக்காங்க தங்கம். உன் சேதி கேப்பாங்க. பாதிதான் சொல்லுவேன். மீதி எனக்கு."

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். "அபி என்ன சொன்னா?" என்று ஆசையாகக் கேட்டேன். "நல்லா இருக்காளாம்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மன்னார்குடி வரைக்கும் பஸ்ஸில் வந்தேன்.

அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், பொய் சொல்வானேன். அப்போ உங்களுக்கும் எரிந்திருக்கிறது! ஆனால் அபி அந்தத் துண்டை மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். "அப்பாயி, உன் குரல் எவ்வளவு சின்னதா இருக்கு பாரு, ஓடி வர்ற மாதிரி" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உங்கள் குரலை எப்படிக் கேட்டாளோ அப்படியே கேட்டாள். அந்த மூட்டைக்குள் நானும்தான் இருந்திருக்கிறேன். உதிர்ந்துபோன பாதியில் இன்னும் எத்தனை இடத்தில் நான் கூப்பிட்டேனோ, நீங்கள் என்ன பதில் சொன்னீர்களோ, இனி யாருக்கும் தெரியாது.

"மூட்டை ஏறுறப்ப எனக்கு ஞாபகம் வந்துச்சு அபி" என்றேன்.

"எந்த மூட்டை?"

"அந்த மூட்டைதான். வாயைத் திறக்கலை."

அவள் கை திரை மேலேயே நின்றது. அடுப்படி வாசலில் சுமதியும் நின்றாள். அபி கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். சுமதி ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

அபி மறுநாளே கிளம்பினாள். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் கூடப் போனேன். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அம்மாச்சி இதைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்னு யோசிச்சேன் அப்பாயி. சிரிச்சிருக்கும். எனக்குத்தான் சிரிப்பு வரலை."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்கிறாள். முட்டி வலியைக் கேட்கிறாள். "உன் சேதி என்னடி?" என்றால், "நல்லா இருக்கேன் அப்பாயி" என்கிறாள். இவளும் எனக்குப் பாதிதான் சொல்கிறாளோ? மீதியை யாருக்கு வைத்திருக்கிறாள்? உங்களுக்கா? உங்களிடம் கேட்க முடிந்தால் நீங்களும் பாதிதான் சொல்வீர்கள்.

ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று செய்துவிட்டுப் போயிருக்கிறாள். என் ஃபோனில் அந்தச் சின்னத் துண்டை ஏற்றி வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, நானே ஒருநாள் எதையோ அமுக்கப்போய்க் கண்டுபிடித்தேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் போடுவேன். நான் கூப்பிடுவேன், நீங்கள் ஏமாற்றுவீர்கள். தினமும் காப்பி ஆறுகிறது.

இதோ, முணுமுணுத்துக்கொண்டே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். சுமதி அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

"யாருகிட்ட அத்தை தனியா பேசுறீங்க? காப்பி ஆறுது!"

"ஒண்ணுமில்லடி" என்றேன். "ரேடியோ திருப்புறேன்."